கேவியர் டப்பா ஒன்று வீட்டுக்கு வந்திருக்கிறது, ஞாயிறு விருந்தில் எப்படி வைப்பது?

பின்னலாடை_வீட்டம்மா (திருப்பூர்), வியாழன் இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். இதைச் சமையல் பகுதியில் போடுவதா, உடல்நலப் பகுதியில் போடுவதா என்று தெரியவில்லை. இங்கேயே போட்டுவிட்டேன்.

வீட்டுக்காரருக்கு இத்தாலியில் ஒரு பையர். மூன்று வருடமாக பனியன் ஆர்டர் கொடுக்கிறவர். இந்த முறை வந்தபோது ஐஸ் பை சுற்றி ஒரு கேவியர் டப்பாவை (உப்பிட்ட மீன் முட்டையாம்) என் கையில் கொடுத்து, "குளிரிலேயே வையுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஹோட்டலுக்குப் போய்விட்டார். 50 கிராம்தான். நீல மூடி, அதைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம். பார்த்தால் தைல டப்பா மாதிரி இருக்கிறது.

ஞாயிறு ராத்திரி அவரும் அவர் மனைவியும் நம் வீட்டில் சாப்பிடுகிறார்கள். நாங்கள் ஆறு பேர். நாட்டுக்கோழிக் குழம்பு, பள்ளிபாளையம் சிக்கன், சந்தகை, அரிசிம்பருப்பு சாதம், ஒப்பிட்டு என்று முடிவாகிவிட்டது. இதற்கெல்லாம் முன்னால் இந்த டப்பாவைக் கௌரவமாக வைக்க வேண்டும். எதோடு, எவ்வளவு, எதில் வைப்பது?

இன்னொன்று. மாமனாருக்கு பிரஷர், போன வருடம் யூரிக் ஆசிட் ஏறிக் கால் கட்டைவிரல் வீங்கிவிட்டது. நாத்தனாருக்கு ஐந்தாம் மாதம். மாமியார் சுத்த சைவம். "அதில் அவ்வளவு சத்தாம், எல்லோரும் ஒரு கரண்டி சாப்பிடுங்கள்" என்கிறார் வீட்டுக்காரர். உண்மையா?

சூலூர்_ராத்திரிஷிப்ட், வியாழன் இரவு 11.52

எட்டுப் பேருக்கு 50 கிராமா? எங்கள் வீட்டில் ஊறுகாயே அதைவிட அதிகம் போகும் அக்கா.

கப்பல்சமையல் (கோவை), வெள்ளி காலை 6.15

அக்கா, முதலில் டப்பா எங்கே இருக்கிறது? ஃப்ரீசரில் என்றால் இப்போதே எழுந்து போய் எடுத்துக் கீழே வையுங்கள். ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், பின்சுவரை ஒட்டி. கதவுத்தட்டு வேண்டாம், திறக்கத் திறக்கச் சூடு ஏறும். பூஜ்யத்துக்கும் நாலு டிகிரிக்கும் நடுவில் இருந்தால் சரி. எப்படி இருக்கிறது பார்ப்போம் என்று மூடியை நெம்பிவிடாதீர்கள். திறந்தால் இரண்டு நாளில் தீர்க்க வேண்டும்.

ஒன்பது வருடம் பயணிகள் கப்பலில் குளிர் சமையல்கட்டில் வேலை பார்த்தவன் நான். கேவியர் வைக்கும் ராத்திரியில் எங்களுக்கு வேலையே குறைவுதான், கை சும்மா இருந்தால் போதும். சூடு காட்டக் கூடாது. கிளறக் கூடாது. எலுமிச்சையைப் பிழிந்து குளிப்பாட்டக் கூடாது. பொடிவெங்காயமும் வெந்த முட்டைத் துருவலும் சுற்றி வைக்கிற வழக்கம் ஒன்று இருக்கிறது. மட்டச் சரக்கின் வாடையை மறைக்க வந்த பழக்கம் அது என்று எங்கள் தலைமைச் சமையல்காரர் திட்டுவார். வைப்பதும் வைக்காததும் உங்கள் இஷ்டம்.

வைக்கும் முறை இதுதான். அகலமான பித்தளைத் தாம்பாளத்தில் நொறுக்கிய ஐஸைப் பரப்பி, டப்பாவை நடுவில் பாதி புதையும்படி அழுத்தி வையுங்கள். மூடியை விருந்தாளி முன்னால் மேசையில்தான் திறக்க வேண்டும். ஃப்ரிட்ஜிலிருந்து பத்து நிமிடம் முன்னால் எடுத்தால் போதும்.

கீழே வைக்க ரஷ்யர்கள் பிளினி என்று பக்வீட் மாவில் குட்டித் தோசை வார்ப்பார்கள். நீங்கள் அதைத் தேடி அலைய வேண்டாம். அன்று அரைத்த, புளிக்காத மாவில் பத்து ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிதாகக் கல்தோசை ஊற்றுங்கள். மாவில் உப்பு வேண்டாம். மேலே உப்பில்லாத வெண்ணெய் ஒரு தடவல். திருப்பூரில் உட்கார்ந்துகொண்டு வெண்ணெய்க்கு என்னைக் கேட்காதீர்கள், ஊத்துக்குளி உங்களுக்குப் பக்கம்தான். தோசை சரிப்படவில்லை என்றால் வேகவைத்த சின்ன உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டி வையுங்கள், அதுவும் பழைய ஜோடிதான்.

தலைக்கு 10 கிராம். அதாவது உங்கள் டப்பா ஐந்து பேருக்கு. எட்டாகப் பிரித்தால் யாருக்கும் ருசி தெரியாது.

வாயில் போட்டதும் மெல்லாமல் நாக்கால் அண்ணத்தில் வைத்து அழுத்தச் சொல்லுங்கள். மணிகள் ஒவ்வொன்றாக உடையும். முதலில் வெண்ணெய் மாதிரி, அப்புறம் முந்திரி மாதிரி, கடைசியில்தான் உப்பு வர வேண்டும். கவுச்சி முந்திக்கொண்டு வந்தால் சரக்கு பழசு.

பள்ளிபாளையம் சிக்கனை அரைமணி கழித்துக் கொண்டுவாருங்கள். அந்த வரமிளகாய் நாக்கில் ஏறிவிட்டால் டப்பாவில் கேவியர் இருந்தாலும் ஒன்றுதான், கடுகு இருந்தாலும் ஒன்றுதான்.

முக்கியமானதை மறந்தேன், வெள்ளிக் கரண்டி ஆகாது. உலோக வாடை ஏறும். முத்துச்சிப்பிக் கரண்டி இருந்தால் உத்தமம், இல்லையென்றால் மரம்.

பவானிக்கரை (சத்தியமங்கலம்), வெள்ளி காலை 8.05

டப்பாவே தகரம். அதில் மாசக்கணக்கில் கிடக்கலாம், கரண்டி மட்டும் ஆகாதுங்களா?

ஒரு மீன் சினைக்கு இத்தனை ஆர்ப்பாட்டம். பவானிசாகர் அணைப் பக்கம் வாருங்கள். ஆடி மாதம் ரோகு வயிற்றைக் கீறினால் இரண்டு பக்கமும் முழ நீளத்துக்குச் சினை கிடக்கும். பையோடு எடுத்து மஞ்சளும் உப்பும் தடவி, எண்ணெயில் போட்டுச் சட்டென்று தட்டு கொண்டு மூட வேண்டும், இல்லையென்றால் பட்டாசு மாதிரி வெடித்துக் கையைச் சுட்டுவிடும். அப்புறம் சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், கருவேப்பிலை, கடைசியில் ஒரு பிடி தேங்காய்த் துருவல். மீன் வாங்குகிறவருக்கு அது கொசுறு. அதைத் தின்று வளர்ந்தவனிடம் வந்து நாக்கால் அழுத்து, அண்ணத்தில் ஒட்டு என்கிறீர்கள்.

கப்பல்சமையல் (கோவை), வெள்ளி காலை 8.31

நல்ல கேள்வி. டப்பாவின் உள்பக்கம் பூச்சு பூசியிருக்கும், முட்டை தகரத்தைத் தொடாது. கரண்டியில் வெள்ளிதான் முழு வில்லன். எவர்சில்வர் அவ்வளவு கெடுக்காது, ஆனால் விருந்தாளி பார்த்தால் முகம் சுளிப்பார்.

உங்கள் சினைப் பொரியலை நான் குறை சொல்லவே இல்லை அண்ணா. முகவரி அனுப்புங்கள், வருகிறேன்.

ஈரோடு_டயட், வெள்ளி மதியம் 1.20

சத்து பற்றி யாரும் பேசாததால் நான். ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகராக இருக்கிறேன்.

கேவியரின் புகழ் எல்லாம் 100 கிராம் கணக்கில் எழுதியது. அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணைப்படி 100 கிராமில் சுமார் 260 கலோரி, புரதம் 24 கிராமுக்கு மேல், கொழுப்பு 18 கிராம், இரும்புச்சத்து கிட்டத்தட்ட 12 மில்லிகிராம், பி12 வைட்டமின் 20 மைக்ரோகிராம். ஒமேகா-3, செலினியம், மெக்னீசியம் எல்லாம் தாராளம். படித்தால் மருந்துக்கடையே வேண்டாம் போலிருக்கும். ஆனால் 100 கிராம் கேவியரை யார் தின்கிறார்கள்? உங்கள் பையரே தின்ன மாட்டார்.

10 கிராமுக்கு வாருங்கள். 26 கலோரி, புரதம் இரண்டரை கிராம், இரும்பு 1 மில்லிகிராம் சொச்சம். ஒரு நாமக்கல் முட்டையில் ஆறு கிராம் புரதம் இருக்கிறது, விலை உங்களுக்கே தெரியும். பி12 மட்டும் நிஜமாகவே பெரிய விஷயம். அந்த 10 கிராமிலேயே 2 மைக்ரோகிராம் கிடைக்கிறது, ஒரு நாள் தேவை ஏறக்குறைய முழுவதும். அதற்காகத் தினமும் டப்பா வாங்க முடியுமா என்பது வேறு பேச்சு.

அட்டவணையின் மறுபக்கம்: 100 கிராமில் சோடியம் 1500 மில்லிகிராம், கொலஸ்ட்ரால் 588. ஒரு நாள் முழுவதற்கும் சோடியம் 2000-ஐத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. 10 கிராமுக்கு 150 வருகிறது.

இனி வீட்டு ஆட்கள். மாமனார் பிரஷர் மாத்திரை ஒழுங்காகப் போடுகிறார் என்றால் அரைக் கரண்டியால் ஒன்றும் ஆகாது. அன்று ராத்திரி அப்பளத்தையும் ஊறுகாயையும் ஒதுக்கச் சொல்லுங்கள். யூரிக் ஆசிட்காரர்கள் தவிர்க்க வேண்டிய பட்டியலில் மீன் சினை பொதுவாக இருக்கும். கால் இப்போது வீங்கியிருந்தால் வேண்டவே வேண்டாம், வலி இல்லாத நாளில் நாக்குக்குத் தொட்டுக்கொள்ளலாம். அதோடு பீர் சேர்த்தால் நான் பொறுப்பில்லை.

நாத்தனாருக்கு வேண்டாம். இதில் பேச்சே இல்லை. குளிரில் வைத்துச் சாப்பிடும் இந்த வகை பச்சை முட்டைதான், உப்புதான் முக்கியக் காவல். லிஸ்டீரியா என்ற கிருமி ஃப்ரிட்ஜ் குளிரிலும் வளரும், கருவைப் பாதிக்கும். கண்ணாடிச் சீசாவில் பாஸ்சரைஸ் செய்து வெளியில் வைத்து விற்கும் வகை வேறு, உங்கள் டப்பா அது இல்லை. அவருக்குத் தனியாக நன்றாக வெந்த ஏதாவது வையுங்கள்.

குளத்துமீன், வெள்ளி மாலை 5.47

மீன்வளம் படித்தவன் என்பதால் ஒரு வேண்டுகோள். டப்பாவின் அடியில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும், எழுத்தும் கோடுமாக ஒரு வரி. அதை அப்படியே இங்கே போடுங்கள். மீன் எது என்று சொல்கிறேன்.

பின்னலாடை_வீட்டம்மா (திருப்பூர்), வெள்ளி மாலை 6.10

பி.ஏ.ஈ, கோடு, சி, கோடு, ஐ.டி, கோடு, போன வருடம், அப்புறம் ஏதோ நீள எண்கள். ஐ.டி. என்றால் இதையும் கம்ப்யூட்டரில் செய்கிறார்களா என்று கேட்கிறான் பையன்.

குளத்துமீன், வெள்ளி மாலை 6.58

பையனிடம் சொல்லுங்கள், ஐ.டி. என்பது இத்தாலி. பி.ஏ.ஈ. என்றால் சைபீரிய ஸ்டர்ஜன். சி என்பது பண்ணையில் வளர்த்தது, காட்டு மீன் என்றால் டபிள்யூ இருக்கும். வருடம், முட்டை எடுத்த வருடம். மிச்சம் ஆலை எண்ணும் சரக்கு எண்ணும். உங்கள் பையர் நியாயமான சரக்குதான் கொடுத்திருக்கிறார்.

இந்தச் சீட்டு ஏன் வந்தது என்று கடைசியில் சொல்கிறேன். கேவியர் என்று முறையாகச் சொல்வது ஸ்டர்ஜன் மீனின் உப்பிட்ட முட்டையை மட்டும்தான். நம் ஆறு குளம் எதிலும் அந்த மீன் கிடையாது. செதிலுக்குப் பதில் முதுகில் எலும்புத் தகடு வரிசை கட்டியிருக்கும், டைனோசர் காலத்து ஜாதி. பெலுகா, ஒசெட்ரா, செவ்ருகா என்று பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள், மூன்றும் காஸ்பியன் கடல் பக்கத்தவை. நம் ரோகு இரண்டாம் வருடத்திலேயே சினை பிடித்துவிடும். பண்ணையில் சைபீரிய ஸ்டர்ஜனுக்கே ஏழெட்டு வருடம் ஆகும், பெலுகாவுக்குப் பதினைந்து, இருபதுகூட ஆகும். அத்தனை வருடம் தீனி போட்டுவிட்டுக் கடைசியில் பெரும்பாலும் வயிற்றைக் கீறித்தான் எடுக்கிறார்கள். விலை ஏன் என்று இனி யாரும் கேட்க மாட்டீர்கள்.

1991-இல் சோவியத் உடைந்த பிறகு காஸ்பியனில் கேட்பாரில்லாமல் திருட்டு மீன்பிடி நடந்தது, இனம் அழியும் நிலை. 1998 முதல் எல்லா ஸ்டர்ஜன் வகையும் சைட்டிஸ் என்ற, அழியும் உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தத்தில் வந்தது. டப்பாவில் அந்தச் சீட்டும் அதனால்தான். 2005-இல் அமெரிக்கா பெலுகா கேவியர் இறக்குமதியையே நிறுத்தியது. இன்று சந்தைக்கு வருவதில் பெரும்பகுதி பண்ணைச் சரக்கு, அதிகம் தயாரிப்பது சீனா.

பவானிக்கரை அண்ணனுக்கு ஒன்று. செய்முறையில் உங்கள் சினையும் அவர்கள் சினையும் பிரியும் இடம் அந்தப் பை. நீங்கள் பையோடு பொரிக்கிறீர்கள். அவர்கள் சல்லடையில் மெல்லத் தேய்த்துப் பையிலிருந்து மணிகளைப் பிரித்து, குளிர்ந்த நீரில் அலசி, வடித்து, நூற்றுக்கு மூன்றிலிருந்து ஐந்து பங்கு உப்புப் போடுகிறார்கள். மலோசோல் என்று மூடியில் இருந்தால் ரஷ்ய மொழியில் 'உப்புக் குறைவு' என்று அர்த்தம்.

சூலூர்_ராத்திரிஷிப்ட், வெள்ளி இரவு 11.30

அப்படியென்றால் ரோகு சினையையே சல்லடையில் தேய்த்து உப்புப் போட்டால் சூலூர் கேவியர்!

குளத்துமீன், சனி காலை 7.02

விளையாட்டுக்குக்கூடச் செய்யாதீர்கள் தம்பி. நன்னீர் மீனில் ஒட்டுண்ணிப் புழு உண்டு, மூன்று சதவீத உப்புக்கு அது சாகாது. நம் சினைக்கு நெருப்புதான் சரி.

வெள்ளலூர்_வாசி, சனி காலை 9.15

என் கதையையும் கேளுங்கள். துபாயிலிருந்து வந்த சித்தப்பா மகன் ஒரு டப்பா கொடுத்தான். அம்மா அதை ஐஸ்கிரீம் பக்கத்தில் ஃப்ரீசரில் வைத்துவிட்டார். மாதம் கழித்து எடுத்து உருக வைத்தால் மணி ஒன்றுகூட இல்லை, எல்லாம் வெடித்துக் கருப்புக் களி மாதிரி இருந்தது. வீணாக்கக் கூடாது என்று பெரியம்மா அதை ஆம்லெட்டில் ஊற்றினார். உப்புக் கரித்த ஆம்லெட் அது. நாய்கூட முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

இன்னொரு தடவை ஒரு கல்யாண வரவேற்பில், பெரிய ஹோட்டல்தான், பிஸ்கட் மேல் வெண்ணெய், அதன் மேல் கருப்பு மணி. 'கேவியர்' என்று சீட்டு. ஐந்து நிமிடத்தில் வெண்ணெய் முழுக்க நீலச் சாயம்.

கப்பல்சமையல் (கோவை), சனி காலை 9.40

அது லம்ப்ஃபிஷ் என்ற மீனின் முட்டை. விலை மலிவு, சாயம் ஏற்றிச் சீசாவில் வரும். ஸ்டர்ஜன் முட்டை சாயம் விடாது. திருப்பூர் அக்காவுக்குச் சாயம் போவதைப் பற்றி நான் சொல்லித் தரத் தேவையில்லை.

ஆரஞ்சு நிறத்தில் பெரிய மணி என்றால் சால்மன். ஜப்பான் உணவில் நறநறவென்று குட்டியாக வருவது பறக்கும் மீனின் முட்டை, அதாவது நாகப்பட்டினம் பக்கம் கோலா என்கிறார்களே, அந்த வகையறா. எல்லாமே நல்ல சாப்பாடுதான். சொந்தப் பெயரில் விற்றால் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

பவானிக்கரை (சத்தியமங்கலம்), சனி மதியம் 12.10

டயட் அம்மணி, அப்படியே நம் சினைக்கும் ஒரு கணக்குப் போடுங்கள். நாங்கள் மட்டும் என்ன பாவம் செய்தோம்?

ஈரோடு_டயட், சனி மதியம் 2.45

போட்டுவிட்டேன். அதே அட்டவணையில் உப்பிடாத பச்சை மீன் சினை, பல மீன்களின் கலவைக்கு, 100 கிராமில் 143 கலோரி, புரதம் 22 கிராம், கொழுப்பு ஆறு சொச்சம், பி12 10 மைக்ரோகிராம், கொலஸ்ட்ரால் 374, சோடியம் வெறும் 91. புரதம் கிட்டத்தட்டச் சமம், பி12 பாதி, கொழுப்பு மூன்றில் ஒன்று. இரும்பில் கேவியர் வெகுதூரம் முன்னால் நிற்கிறது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் நீங்கள் சினையை ஒரு தட்டு சாப்பிடுவீர்கள், கேவியரை ஒரு கரண்டி. சத்துக்காக என்றால் உங்கள் பக்கம்தான் என் ஓட்டு. பொரிக்கும் எண்ணெயை மட்டும் குறையுங்கள்.

அமுச்சி_கைப்பக்குவம் (பொள்ளாச்சி), சனி மாலை 4.20

ஒறம்பரை கொண்டுவந்ததை ஒறம்பரைக்கே வைப்பதில் தப்பில்லை கண்ணு. முத்துச்சிப்பிக் கரண்டிக்கு எங்கே போவாய்? இங்கே தேங்காய்த் தொட்டியில் தேய்த்துச் செய்த சின்னக் கரண்டி விற்கிறது. வழுவழுவென்று இருக்கும், ஒரு வாடையும் ஏறாது. புதுசு என்றால் ஒரு ராத்திரி தண்ணீரில் போட்டுவிட்டு எடு.

மாமியாருக்கு அதே குட்டித் தோசையில் வெண்ணெயும் நாலு கறுப்பு எள்ளும் தூவித் தனித்தட்டில் கொடு. பார்வைக்கு எல்லோர் தட்டும் ஒன்றாக இருக்கும். கல்லில் முதலில் அவருக்கு ஊற்றிவிட்டு அப்புறம் மற்றவர்களுக்கு ஊற்று.

பின்னலாடை_வீட்டம்மா (திருப்பூர்), திங்கள் காலை 11.05

நேற்று நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், எல்லோரும் கேட்பீர்கள்.

மாவு ஏமாற்றிவிட்டது. மதியமே அரைத்தேன், வெயிலில் சாயந்திரத்துக்குள் பொங்கி லேசாகப் புளிப்பு வந்துவிட்டது. கப்பல் தம்பி சொன்ன உருளைக்கிழங்குதான் கைகொடுத்தது. தோசையை மாமியாருக்கும் நாத்தனாருக்கும் எள்ளோடு கொடுத்தேன், அவர்களுக்குப் புளிப்பு பிடித்திருந்தது.

தாம்பாளம், ஐஸ், நடுவில் டப்பா. கரண்டி சந்தைப்பேட்டைப் பக்கத்தில் கிடைத்தது, தேங்காய்த் தொட்டிதான். பையரின் மனைவி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு இரண்டு வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். மூடியை வீட்டுக்காரர் திறந்தார். ரப்பர் வளையம் டப்பென்று தெறித்து ஒப்பிட்டுத் தட்டில் விழுந்தது. உள்ளே கருகருவென்று இருக்கும் என்று நினைத்தேன், இல்லை. சாம்பலும் பழுப்புமாக, எண்ணெய் மினுக்கோடு, ஒவ்வொரு மணியும் தனித்தனியாக இருந்தது. மாமனார் எட்டிப் பார்த்து, "ஊற வெச்ச கம்பாட்ட இருக்குது" என்றார். கால் இப்போது சரியாக இருப்பதால் அரைக் கரண்டி வாங்கிக்கொண்டார். வெகுநேரம் வாயை அசைக்கவே இல்லை. "பரவால்ல" என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் யாருக்கும் வந்ததில்லை.

எனக்கு? முதல் வாயில் ஒன்றும் புரியவில்லை. இரண்டாவது வாயில் அந்த முந்திரி ருசி வந்தது. மூன்றாவது வாய்க்கு டப்பாவில் இல்லை.

பவானிக்கரை அண்ணா, உங்கள் பேச்சைக் கேட்டு மீன் மார்க்கெட்டில் கால் கிலோ சினை வாங்கிவந்து பொரியலும் வைத்தேன், மிளகாய் குறைத்து. பையர் ஒரு வாய் எடுத்ததும், அவர்கள் ஊரில் மடவை மீனின் சினையைப் பையோடு உப்பிட்டுக் காயவைத்து, சேமியா மாதிரிப் பாஸ்தா மேல் துருவிப் போடுவார்களாம், பொத்தார்கா என்று பெயராம், அதையே சொல்லிக்கொண்டிருந்தார். கேவியரை நாசூக்காகச் சாப்பிட்டவர், பொரியலை மூன்று தடவை போட்டுக்கொண்டார். கடைசியில் சந்தகை மேலேயும் தூவிக்கொண்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

பவானிக்கரை (சத்தியமங்கலம்), திங்கள் காலை 11.09

நானும் ஒன்றும் சொல்லவில்லைங்க.

கப்பல்சமையல் (கோவை), திங்கள் மதியம் 12.30

சந்தகை மேல் சினையா? அடுத்த வாரம் செய்து பார்க்கிறேன். அக்கா, காலி டப்பா என்ன ஆயிற்று?

பின்னலாடை_வீட்டம்மா (திருப்பூர்), திங்கள் மதியம் 12.41

வீட்டுக்காரர் சோப்புப் போட்டுக் கழுவிக் கம்பெனிக்குக் கொண்டுபோய்விட்டார், பட்டன் சாம்பிள் போட்டு வைக்க. பட்டனெல்லாம் கவுச்சி அடிக்கிறது என்று இப்போதுதான் மெர்ச்சண்டைசர் பெண் போன் செய்தாள்.